ஆடாத மேசை

ராயப்பராஜ் பிறந்து அறுபத்திரண்டு வருஷமாயிற்று. இத்தனை காலத்தில் 'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவைதான் வெளியே வந்திருக்கிறது. யாரிடம் சொன்னார், எதற்குச் சொன்னார் என்பது பின்னால் வரும். அந்த ஒரு தடவை இல்லையென்றால் அவரைப் பற்றிச் சொல்ல நல்ல மனுஷன் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. நல்ல மனுஷனை வைத்து யார் கதை சொல்லி, யார் கேட்கப் போகிறார்கள்?

வேடசந்தூர் பக்கத்து நூல் மில் ஒன்றுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். யார் கை காட்டினாலும் அந்த பஸ் நிற்கும். மில்லில் வேலை பார்க்காதவர் கை காட்டினாலும் நிற்கும். ஒரு வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையிலிருந்து இரண்டு ஆட்டோடு வந்த ஒருவர் கை காட்டினார். ராயப்பராஜ் ஆட்டையும் ஏற்றிக்கொண்டார். ஆடு சும்மா வருமா? சூப்பர்வைசரின் சாப்பாட்டுப் பையைத் திறந்து, தயிர்சாதத்தை மட்டும் விட்டுவிட்டு, பையைத் தின்றுவிட்டது. ஏன் ஏற்றினாய் என்று விசாரணை வைத்தார்கள். "கேட்டாங்க சார்" என்றார் ராயப்பராஜ். அடுத்த ஈஸ்டருக்கு அதே சூப்பர்வைசர், தனக்கும் ஒரு கிடாயை அந்த பஸ்ஸிலேயே கொண்டுவந்து தரமுடியுமா என்று கேட்டார். அதற்கும் சரி என்றார்.

கல்யாணமும் அப்படித்தான். பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் இன்னும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை, பெண்ணின் அப்பா பேச்சுக்கு, "என்ன மாப்ளே, பிடிச்சிருக்கா?" என்று காபியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ராயப்பராஜ் தலையை ஆட்டிவிட்டார். கையிலிருந்த தட்டோடு வெளியே வந்த சகாயசெல்வி, தன் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பதை அங்கிருந்தவர்களின் சிரிப்பிலிருந்து தெரிந்துகொண்டாள். அதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறாள்.

கர்த்தர் சும்மா சேர்த்துவைக்கவில்லை. செல்விக்கு வாய் உண்டு. புருஷன் தெருவில் 'சரி' என்று சொல்லிவிட்டு வருவதையெல்லாம் வீட்டு வாசலில் நின்று 'இல்லை' என்று மாற்றுவதே அவள் பாதி வாழ்க்கையாகிவிட்டது. ஏணி கேட்டு வந்தவன், ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தவன், ஒரே நாளில் இரண்டு கட்சிக் கூட்டத்துக்கும் ஆளாக இவரைக் கூப்பிட வந்தவன், எல்லோரையும் அவள்தான் திருப்பி அனுப்பினாள். ராயப்பராஜ் தங்கமான மனுஷர், அந்தம்மாதான் கொஞ்சம் கடுசு என்று ஊர் பேசியது. நல்ல பேரெல்லாம் அவருக்கு, கெட்ட பேரெல்லாம் எனக்கா என்று அவள் கேட்டால், அதற்கும் அவர் ஆமாம் என்றுதான் தலையாட்டுவார்.

திண்டுக்கல்லில் பேகம்பூரிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் வரும் சாலையில், தங்கள் வீட்டு முன்னறையில் செல்வி ஒரு மெஸ் நடத்துகிறாள். மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். கையில் நல்ல பக்குவம். கோழிக் குழம்புக்காகவே தாடிக்கொம்பிலிருந்து வருகிற ஆள் இருக்கிறார். குறை என்று ஒன்று உண்டென்றால் அது மேசைதான். நாலும் பிளாஸ்டிக் மேசைகள். முழங்கை பட்டால் ஆடும், ரசம் ஊற்றினால் ஆடும், ஒருவர் ஏப்பம் விட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் இலை நகரும். ஒருநாள் பேங்கு மேனேஜர் அப்பளத்தை நொறுக்கினார். அதற்கே மேசை ஒரு குலுங்கு குலுங்கி, சாம்பார் வாளி அவர் மடியில் சாய்ந்தது. வெள்ளைப் பேண்ட். மனுஷர் கோபப்படவில்லை. மறுநாளிலிருந்து கறுப்புப் பேண்ட்டில் சாப்பிட வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அந்தக் கறுப்புப் பேண்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் செல்விக்கு உயிர் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: ஆடாத மேசை ஒன்று வேண்டும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே பலகையில் பத்தடி.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் மெஸ்ஸுக்கு எதிர் மூலையில் நின்ற கிழட்டுப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டிய ஆட்கள் அத்தனை நாளும் செல்வியிடம்தான் சாப்பிட்டார்கள். கிளைகள் செங்கல் சூளைக்குப் போயின. அடிமரம் மட்டும் பதினைந்தடி நீளத்துக்கு, இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் தடிமனில், லாரியில் ஏற மாட்டேன் என்று கிடந்தது. கடைசி நாள் குழம்பை உறிஞ்சிக்கொண்டே காண்டிராக்டர், "அக்கா, வேணும்னா இத நீங்களே வச்சுக்குங்க" என்றார். ஏலம் எடுத்தவர் அவர்; கொடுக்க உரிமை உண்டு. அவர் கையைக் கழுவுமுன் செல்வி ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டு, மரத்தை வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனைக்கு உருட்டிவிட்டாள்.

அறுவை மில் வைத்திருக்கும் பேச்சிமுத்து வந்து பார்த்தான். கையால் தட்டினான், சுற்றி நடந்தான், தலையை ஆட்டினான். காட்டு மரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவேன், இது ஊருக்குள் வளர்ந்த மரம், வயிற்றுக்குள் இரும்பு இருக்கும் என்றான். ஓர் ஆணி போதுமாம், ரம்பத்தின் பல்லு வரிசையாகப் போய்விடுமாம். "ஒரு ஆணி இல்லாம எடுத்துட்டுக் கூப்புடுங்க. அப்பத்தான் அறுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்னதும் சரிதான். ஊர் மரம் என்றால் ஊரே ஆணி அடித்த மரம். மூலம் பௌத்திரம் வைத்தியர் ஆணி அடித்திருந்தார், டியூஷன் சென்டர் அடித்திருந்தது, எல்லாக் கட்சியும் அடித்திருந்தது. கண்ணீர் அஞ்சலித் தட்டிகள் போய் அவற்றின் ஆணிகள் மட்டும் பட்டைக்குள் புதைந்து கிடந்தன. ராயப்பராஜ் ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தார். அதைக் கயிற்றில் கட்டி மரத்தின் மேல் இழுத்துக்கொண்டே போவார். ஒட்டுகிற இடத்தில் உளியால் பட்டையைக் கொத்தி, குறட்டால் ஆணியைப் பிடுங்குவார். வேலை நல்ல வேலைதான். ஒரே ஒரு இடைஞ்சல். இதற்காக அவர் காலையிலிருந்து பொழுது சாயும்வரை, போகிற வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படும்படி, ரோட்டோரத்தில் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. மறுப்பே தெரியாத மனுஷரை ஒரு மரத்தின் மேல் ஏற்றி, ஊர் பார்க்க உட்காரவைத்தால் என்ன ஆகும்?

திண்டுக்கல்லில் புளியமரம் சாய்ந்தால் முதலில் மோப்பம் பிடிப்பவர்கள் கறிக்கடைக்காரர்கள். கறி வெட்டப் புளியங்கட்டைக்கு நிகர் கிடையாது. வேறு கட்டையில் வெட்டினால் கறியில் சிராய் வரும். முதலில் வந்தவர் அடுத்த தெருக் கறிக்கடைக் கருப்பணன். தன் கடைக் கட்டை தேய்ந்து குழிந்து தட்டாகிவிட்டது, எலும்பை வெட்டினால் ரத்தம் குளமாக நிற்கிறது என்றார். நுனியில் ஒன்றரை அடி போதும் என்றார். ராயப்பராஜ் சரி என்றார். சாயங்காலமே ரம்பத்தோடு ஆள் வந்து, நுனியில் வட்டமாக அறுத்து உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

செல்வி எச்சில் இலையைப் போட வெளியே வந்தவள் மரம் குட்டையாகியிருப்பதைப் பார்த்தாள். உள்ளே போய் இஞ்சிடேப்பும், கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டும் எடுத்து வந்தாள். அடியிலிருந்து பத்தடி அளந்து, மரத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள்.

"இந்தா பாருங்க. கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க தருமம். இந்தப் பக்கம் என் மேசை. முப்பது வருஷமா உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. இத ஒண்ணக் காப்பாத்திக் குடுங்க."

முப்பது வருஷமாக ஒன்றும் கேட்டதில்லை என்பது சுத்தப் பொய். ஆனால் அவள் குரல் தழுதழுத்தது மெய். ராயப்பராஜ் சரி என்றார்.

அதற்குப் பிறகு மரம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று. அடுத்து வந்தவர் கோயில் உபதேசியார் ஸ்தனிஸ்லாஸ். அந்தோணியார் திருவிழா அசனத்துக்கு ஊரே சாப்பிடும், அத்தனை கிடாயையும் எதன்மேல் வைத்து வெட்டுவது என்று கேட்டார். மனுஷனுக்கே மறுக்காதவர் புனிதருக்கு மறுப்பாரா? மூன்றாவது ஆள் ஒட்டன்சத்திரத்துக்காரர். அவர் மரம் கேட்டு வந்தவரே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டவர். வழியைச் சொன்ன ராயப்பராஜ் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெயிலுக்குச் செத்த நேரம் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தவர் மரத்தைத் தடவிப் பார்த்து, "ஏனுங்ணா, புளியங்கட்டைங்களா? நம்ம மச்சானும் கறிக்கடைதானுங்க வச்சிருக்கான். ஒரு துண்டு கெடைக்குங்களா?" என்று கேட்டார். இத்தனை 'ங்க' போட்டுக் கேட்பவரிடம் எப்படி இல்லையென்பது? அவர் ஊர்பேர்கூட விசாரிக்காமல் ஒரு துண்டை அறுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். மரம் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் ராயப்பராஜ் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். முடியாது என்று சொல்லாமல் 'பார்க்கலாம்' என்பது. ஐயோ பாவம், நம் ஊரில் ராயப்பராஜ் 'பார்க்கலாம்' என்றால் அதற்கும் 'சரி' என்றுதான் அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. மரத்தை மில்லுக்கு ஏற்ற வண்டி வந்த அன்றைக்குக் காலையில், ஆளுக்கொரு ரம்பத்தோடு அரை டஜன் கறிக்கடைக்காரர்கள் காலிமனையில் நின்றார்கள். செல்வி குழம்புக் கரண்டியோடு வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தாள். அத்தோடு கலைந்தார்கள்.

அதற்கு முன்னால் ஓர் ஆணியின் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்த மரத்தடியில் வெகுகாலமாகப் பூ விற்றவள் அய்யம்மாள். மரம் போன பிறகு குடையைக் கட்டி அதே மூலையில் உட்கார்ந்திருந்தாள். ராயப்பராஜின் காந்தம் அடிமரத்தில், ஆள் நெஞ்சுயர இடத்தில், ஒட்டென்று ஒட்டியது. கொத்திப் பார்த்தால் விரல் தடிமனில் கொல்லன் அடித்த ஆணி, அதில் சுற்றிய தலைமுடி. அய்யம்மாள் பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, அதுல கை வைக்காதீக. அதுல எங்க மாமியா இருக்கு."

விஷயம் இதுதான். மாமியார் இருந்தவரை வீட்டில் ஒரு சாமானை இடம் மாற்றக் கூடாது. குடம் ஒரு சாண் தள்ளியிருந்தால்கூட ஊரைக் கூட்டிவிடுவாள். அவள் செத்த மறுமாதம் அய்யம்மாள் ஆசைதீர அடுக்களையை மாற்றி அடுக்கினாள். அன்றைக்கே மாமியார் அவள்மேல் வந்து இறங்கிவிட்டாளாம். நத்தம் பக்கத்துக் கோடாங்கி ஒருவர் உடுக்கடித்து, அய்யம்மாளின் உச்சிமுடியை அறுத்து, ஆணியில் சுற்றிப் புளியமரத்தில் அடித்து மாமியாரை நிறுத்தியிருக்கிறார். இப்போது அதைப் பிடுங்கினால்? இத்தனை வருஷ ஆத்திரத்தோடு வருவாளே என்று அவள் நடுங்கினாள்.

ராயப்பராஜுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது; கோயிலுக்குப் போகிறவர். ஆனால் எதிரில் நிற்பது பேய் இல்லையே, கண்கலங்கிய அய்யம்மாள். ஆணியை எடுக்கவில்லை என்று வாக்குக் கொடுத்தார். கொத்திய இடத்தில் மண்ணையும் குழைத்து அப்பி மறைத்துவிட்டார். செல்வியிடமும் சொல்லவில்லை, பேச்சிமுத்துவிடமும் சொல்லவில்லை.

மில்லில் மரம் டிராலியில் ஏறியது. பேச்சிமுத்து தானும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தான், ஆனால் மரத்தின் அடிப்பக்கம் டிராலியைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மாமியார் அந்தப் பக்கம்தான் இருந்தாள். திருப்தியாகத் தலையாட்டி மோட்டாரைப் போட்டான். ரம்பம் ஓடத் தொடங்கிய அந்த நேரம் பார்த்து, ஆட்டோவில் வந்து இறங்கினாள் செல்வி. அவள் முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு குழைவு இருந்தது. ராயப்பராஜுக்கு அது புரியவில்லை. அவர் முகத்தை அவரே எப்போதாவது கண்ணாடியில் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். அது இல்லையென்று சொல்லத் தெரியாதவர்களின் முகம்.

பேகம்பூர் சர்புன்னிசா செல்வியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மெஸ்ஸுக்கு மசாலாப் பொடி எல்லாம் அவள் கையால் இடித்ததுதான். அந்த மசாலா இல்லாவிட்டால் செல்வியின் கோழிக் குழம்பு வெறும் வெந்நீர். சர்புன்னிசாவின் மருமகன் வெள்ளிக்கிழமை கறிக்கடை திறக்கிறான், கட்டை அமையவில்லை. காலையில் மசாலா கொடுக்க வந்தவள் பேச்சோடு பேச்சாகக் கேட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் 'இல்லை' சொன்ன செல்வி, அவளிடம் 'அதுக்கென்ன' என்று சொல்லிவிட்டாள்.

"ஏங்க," என்றாள் செல்வி, சிவப்புக் கோட்டைப் பார்க்காமல். "ஒரு ஒன்றரை அடி. சர்புன்னிசாவுக்கு. எட்டரை அடி மேசைன்னாலும் மேசைதானே?"

ராயப்பராஜ் மரத்தைப் பார்த்தார். அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்தார். அவள் அதைப் போட்ட அன்றைக்குக் குரல் தழுதழுத்தது நினைவுக்கு வந்தது. கறுப்புப் பேண்ட் போட்ட மேனேஜர் நினைவுக்கு வந்தார். வாயைத் திறந்தார். வழக்கமாக 'சரி' வருகிற இடத்தில் வேறு ஏதோ வந்தது.

"முடியாது."

பேச்சிமுத்து மோட்டாரை நிறுத்திவிட்டான். ரம்பம் பழுதாகி ஏதோ புதுச் சத்தம் போடுகிறது என்று நினைத்தானாம், பிறகு சொன்னான். செல்வி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பது வருஷமாக இந்தச் சொல்லைக் கற்றுக்கொள் என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள். படித்த பாடத்தை அவளிடமே ஒப்பித்துவிட்டார்.

"எனக்கேவா?" என்றாள்.

"உனக்காகத்தான்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வியர்த்துக் கொட்டியது. ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மறுபடி ரம்பம் ஓடியது. மேல்பக்கத்துப் புறப்பலகையை எடுத்துவிட்டு மரத்தைப் புரட்டி அடுத்த பக்கத்தை அறுக்கும்போது 'டணார்' என்று மாமியார் குறுக்கே வந்தாள். ஒரு நெருப்புப் பொறி, பிறகு வரிசையாகப் பல் தெறிக்கிற சத்தம். பேச்சிமுத்து ஆடித் தீர்த்தான். ஒரு ஆணி இல்லாமல் என்றேனே என்றான். அய்யம்மாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ராயப்பராஜ் முழுக்கதையையும் சொன்னார். கேட்கக் கேட்க பேச்சிமுத்துவின் கோபம் இறங்கி, பயம் ஏறியது. ரம்பம் போனால் வேறு மாட்டிக்கொள்வேன், ஆணி இருக்கிற அந்தப் புறப்பலகையை மட்டும் என் மில்லில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்றான். ஆணியோடு இருந்த அந்தப் பலகையைக் கையால் தொடாமல் கம்பியால் நெம்பி வெளியே தள்ளினான். ரம்பத்துக்கு நஷ்டஈடாக, மேசை வந்ததும் முதல் இலை தனக்குப் போட வேண்டும் என்றான்.

புது ரம்பம் மாட்டி அறுத்தபோது இன்னொரு சங்கடம். மரத்தின் நடுவில் ஒரே பொந்து. கிழட்டு மரம், உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது. பொந்துக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு முழுப்பலகை, மேசைக்கால்களுக்குக் கொஞ்சம் துண்டு, அவ்வளவுதான் தேறியது. ஆனால் என்ன பலகை! பத்தடி நீளம், ஓரத்தில் வெளிர் மஞ்சள், நடுவில் நன்றாக வறுத்த மட்டன் சுக்காவின் நிறம். செல்வி முந்தானையால் மரத்தூளைத் துடைத்துவிட்டு அதைத் தடவிக்கொண்டே நின்றாள். மிச்சத்தை என்னவும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. மிச்சமிருந்த சிம்பு சிராயெல்லாம் வீடு வந்து சேருவதற்குள் கேட்டவர்களுக்குப் போய்விட்டது. ஆணிப் பலகை அய்யம்மாளுக்குப் போயிற்று. அவள் அதைக் குடைக்குக் கீழே போட்டு, ஆணி இருந்த இடமாகப் பார்த்து அதன் மேல் உட்கார்ந்து பூக் கட்டத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலம் செல்வி சர்புன்னிசாவுக்கு போன் போட்டு, எங்க வீட்டுக்காரர் முடியாதென்று சொல்லிவிட்டார் என்றாள். சர்புன்னிசா சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ராயப்பண்ணனா? அவரா முடியாதுன்னாரு? கொடுக்க மனசில்லன்னா நேராச் சொல்லு செல்வி. அவர் மேல ஏண்டி பழியப் போடுற?" என்று வைத்துவிட்டாள். மறுநாள் மசாலா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மெஸ்ஸில் கோழிக் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. தாடிக்கொம்புக்காரர் பாதியில் எழுந்து போனார். செல்வி வெங்காயம் உரித்தாள். வெங்காயம் இல்லாதபோதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராயப்பராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு பேகம்பூருக்கு நடந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நடை வேறில்லை. ஒருவருக்குக் கொடுப்பதற்காக அவர் எத்தனையோ வாசல்படி ஏறியிருக்கிறார். இல்லை என்று சொல்வதற்காக ஏறியது அதுதான் முதல் தடவை. சர்புன்னிசா கதவைத் திறந்து, வாங்கண்ணே என்று தேநீர் கொடுத்தாள். தேநீர் ஆறுகிற வரைக்கும் அவர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, செல்வி பொய் சொல்லல. நான்தான் முடியாதுன்னேன். அது அவ மேசை. அவ என்கிட்ட கேட்டு நான் காப்பாத்துன பொருள் அது ஒண்ணுதான்மா."

சர்புன்னிசா அவர் முகத்தையே பார்த்தாள். நெற்றியிலும் கழுத்திலும் வேர்த்து, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவள் எழுந்து உள்ளே போய் ஒரு டப்பா நிறைய மசாலாப் பொடியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. ஸ்கூல்ல படிக்கிறப்பவே அவ வச்சிருக்கிறத எல்லாரும் பிடுங்கிட்டுப் போவாங்க. முதத் தடவையா ஒருத்தர் அவளுக்காக நின்னிருக்கீங்க. கட்டைக்கென்ன, எங்கயாச்சும் கிடைக்கும்." சொன்னபடியே இரண்டு நாளில் நத்தம் பக்கமிருந்து மருமகனுக்கு வேறொரு கட்டை கிடைத்தது.

பலகை மாதக்கணக்கில் வீட்டுக் கூடத்தில் நிழலில் காய்ந்தது. வீட்டிலிருந்தவர்கள் அதைச் சுற்றியே நடந்தார்கள். ஒருவழியாக ஆசாரி கால் கோத்து மேசையை நிறுத்தினார். முதல் இலைக்குப் பேச்சிமுத்து வந்துவிட்டான். சர்புன்னிசா வந்தாள். மேனேஜர், ஒரு நம்பிக்கையில், வெள்ளைப் பேண்ட்டில் வந்தார். செல்வி சாம்பார் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

மேசை ஆடியது.

ஆசாரி மேல் குற்றமில்லை. மெஸ் தரை கழுவிவிட வசதியாகச் சரிவாகப் போட்ட தரை. ஒரு கால் விரற்கடை அளவுக்கு அந்தரத்தில் நின்றது. மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அட்டையை மடித்து வைக்கலாம் என்றான் பேச்சிமுத்து. புளியமர மேசைக்கு அட்டையா என்று செல்வி சீறினாள். அதே மரத்தில் ஒரு சின்னத் துண்டு போதும் என்றாள். வீடு முழுக்கத் தேடினார்கள். ஊருக்கெல்லாம் மரம் கொடுத்த வீட்டில் ஆப்பு வைக்க ஒரு சிம்பு கிடையாது.

ராயப்பராஜ் கேட்கக் கிளம்பினார். கருப்பணனிடம் போனார். கட்டை வந்த நேரம் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது, அதில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் அதிர்ஷ்டம் போய்விடும், "முடியாதுப்பா, கோவிச்சுக்காத" என்றார் கருப்பணன். கறி வெட்டிக்கொண்டே, தலைகூட நிமிராமல் சொன்னார். அந்தச் சொல் ஒரு மனுஷனுக்கு எவ்வளவு லேசாக வருகிறது என்று ராயப்பராஜ் ஆச்சரியப்பட்டு நின்றார். ஸ்தனிஸ்லாஸ், அது இப்போது கோயில் சொத்து, பங்குச்சாமியார் உத்தரவு வேண்டும் என்றார். ஒட்டன்சத்திரத்துக்காரர் எங்கே இருக்கிறாரோ, ஆண்டவருக்கு வெளிச்சம்.

திரும்பி வந்தவரை மூலையில் அய்யம்மாள் நிறுத்தினாள். என்னவென்று விசாரித்தாள். உடனே பூவை ஒதுக்கிவிட்டுப் பலகையிலிருந்து எழுந்தாள். பேச்சிமுத்துவிடம் கைரம்பம் வாங்கி வரச்சொல்லி, இந்த இடத்தில் அறுங்கள் என்று காட்டினாள். அவள் காட்டியது ஆணி இருந்த மூலை.

ராயப்பராஜ் அந்தத் துண்டோடு வந்தார். பின்னாலேயே அய்யம்மாளும் வந்தாள். ஆணியில் இன்னும் இரண்டு முடி ஒட்டிக்கொண்டிருந்ததைச் செல்வி பார்த்துவிட்டாள்.

"யாரு, இவ மாமியாரா? என் மெஸ்ஸுக்குள்ளயா?"

"இருக்கட்டும்க்கா," என்றாள் அய்யம்மாள். "இருந்த வரைக்கும் எங்க வீட்டுல ஒரு குடத்த அசைய விட்டுச்சா? வச்சது வச்ச எடத்துல இருக்கணும் அதுக்கு. ஒரு மேசையவா அசைய விட்டுரும்?"

செல்வி புருஷனைப் பார்த்தாள். அந்த ஒரு சொல்லை இன்னொரு தடவை அவர் சொல்வார் என்று எல்லோருமே அவரைப் பார்த்தார்கள். ராயப்பராஜ் அய்யம்மாளைப் பார்த்தார், குனிந்து துண்டைக் காலுக்கடியில் சொருகினார். ஆணித்தலை வெளியே தெரியாதபடி திருப்பி வைத்தார்.

செல்வி ஒரு டம்ளரில் விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தாள். கையால் மேசையைக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினாள். தண்ணீரில் ஒரு அலை இல்லை. மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவள் அந்த நீண்ட மேசையின் ஒரு கோடியில் உட்கார்ந்தாள். ராயப்பராஜ் மறுகோடியில் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் பத்தடி முழுசாக இருந்தது.

"அன்னைக்கு ஒரு தடவ எனக்காகச் சொன்னீங்கள்ல. அது போதுங்க," என்றாள் செல்வி. "உங்களுக்கு அது உடம்புக்கு ஆகல. இனிமே பழையபடி அந்த வேலைய நானே பாத்துக்கிறேன்."

ராயப்பராஜ் சரி என்றார்.